எறும்பக்கா வந்தால் துடைக்கக் கூடாது

அட்டையில் மூன்றாவது துளியையும் வைத்துவிட்டு எறும்பக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பற்பசைப் பெட்டியைக் கத்தரித்து எடுத்த அட்டைத் துண்டு அது. வழவழப்பான பக்கம் மேலே இருந்தது. ஒரு துளி சர்க்கரைப் பாகு, ஒரு துளி எண்ணெய், அப்புறம் மிளகளவு அவித்த முட்டையின் மஞ்சள் கரு. அடுப்பு மேடையில் சுவரை ஒட்டி அதை வைத்திருந்தார். வீட்டுக்கார அம்மாவின் கை தன்னையறியாமல் துடைக்கும் துணியை நோக்கிப் போனது. எறும்பக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"மெனு கார்டு வெச்சிருக்கேன். ஆர்டர் எடுக்கற நேரத்துல மேஜையைத் துடைச்சா எப்படிம்மா?"

அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இனிப் பத்து நிமிடம் பேச்சு கிடையாது. எந்தத் துளியைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது, எந்தத் துளியை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது, சாப்பிட்டவை எந்தத் திசையில் திரும்புகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். வருகிற எறும்பைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. வயிறு நிறைந்து திரும்புகிற எறும்பைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். தின்றது நேரே வீட்டுக்குத்தான் போகும், வழியில் எங்கும் நிற்காது என்பது அவர் கணக்கு.

ஐம்பதை நெருங்குகிறவர். குள்ளம், ஆனால் குட்டை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி நிமிர்ந்த நடை. தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருக்கின்றன. கொண்டையில் பூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பென்சில் செருகியிருக்கும். எறும்பு போகிற வழியில் சுவரில் சின்னச் சின்ன அம்புக்குறி போட்டு, பக்கத்தில் மணியும் எழுதுவது வழக்கம். போன வாரம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தாலும் எழுதுவார். "ஐயோ சுவரு!" என்று யாராவது பதறினால் பையிலிருந்து அழிரப்பரை எடுத்துக் காட்டுவார். அது பென்சிலைவிடப் பெரியது.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தையல்காரர்கள் வைத்திருப்பது போன்ற துணிப்பை. அளவெடுக்கும் நாடாவின் ஒரு முனை வெளியே தெரிகிற மாதிரி தொங்கும். வேண்டுமென்றே தொங்கவிட்டிருக்கிறார். "வீட்ல எறும்புன்னா யாருக்கும் வெளிய சொல்லப் பிடிக்காது. என்னமோ அவங்க வீடு குப்பைன்னு நாங்க போர்டு மாட்டப் போற மாதிரி வெட்கப்படுவாங்க. டெய்லர் வந்திருக்காங்கன்னு பக்கத்து வீடு நினைச்சுட்டுப் போகட்டுமே!" ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மாடிப்படியில் இவரை மடக்கி, ஜன்னல் திரைச்சீலைக்குத் துணியைக் கையில் திணித்துவிட்டாள். எறும்பக்கா மறுக்கவில்லை. அதை நிஜமான ஒரு தையல்கடையில் கொடுத்துத் தைத்து வாங்கி, நாலாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மடிப்பு கொஞ்சம் கோணல் என்று அவள் குறை சொன்னபோது, "அடுத்த தடவை சரியா தைக்கிறேம்மா" என்று தலையாட்டவும் செய்தார்.

எறும்பு என்ற சொல்லை அவர் அதிகம் உச்சரிப்பதில்லை. "அவங்க" என்பார். கரப்பான் பூச்சி மட்டும் "அது". இந்த மரியாதைக்குக் காரணம் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஒழித்தவர். ஆனால் விரலால் ஒன்றை நசுக்க யாரையும் விடமாட்டார். "ஒருத்தரைக் கொன்னு என்ன பிரயோஜனம்? வழி காட்ட வந்த ஆளையே தீர்த்துட்டீங்க. இனி நான் யாரைக் கேக்கறது?"

இவர் வகுப்பில் எறும்புகள் இரண்டே சாதி. வெளியே மண்ணில் குடியிருந்து, வேலைக்கு மட்டும் வீட்டுக்குள் வந்து போகிறவை "தெருக்காரங்க". சுவருக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவை "உள்ளாளுங்க". தெருக்காரர்களுக்கு இவர் மருந்தே வைப்பதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை வெட்டச் சொல்வார். குழாய் நுழைகிற ஓட்டையைப் பசை வைத்து அடைப்பார். நாய்க்குச் சோறு வைக்கிற தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கச் சொல்வார். அவர்கள் வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் துடைக்கச் சொல்வார். அந்தக் கட்டத்தில்தான் துணிக்கு அனுமதி. மரத்தைக் குடைகிற பெரிய கறுப்பு எறும்பு என்றால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஜன்னல் சட்டத்தைத் தட்டிக் கேட்பார். தொம்மென்று சத்தம் வந்தால் பையை மூடிவிடுவார். "என்னை ஏன் கூப்பிட்டீங்க? பிளம்பரைக் கூப்பிடுங்க. உள்ள எங்கேயோ தண்ணி கசியுது, மரம் ஊறிப்போச்சு. பாவம், அதைத்தான் இவங்க வந்து சொல்றாங்க."

பள்ளி வேன் ஓட்டும் கணவருக்கு இவர் வேலையில் ஒரே ஒரு ஆர்வம்தான். மாலையில் வீடு திரும்பியதும் "இன்னைக்கு யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டபடியே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார். பிரித்ததும் பால்கனிக்கு விரட்டப்படுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் தன் சொந்த வீட்டில் நின்றுகொண்டுதான் பிஸ்கட் தின்கிறார்.

பிஸ்கட்டில்தான் எறும்பக்காவின் தொழிலே தொடங்கியது. கல்யாணமான புதிதில் ஒரு பிஸ்கட் ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை. அங்கே எறும்புக்கு எதிராக நடந்த போர் முடிவில்லாதது. மற்ற பெண்கள் துடைப்பத்தை வீசியபோது இவர் ஒருத்தர்தான் குனிந்து, அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போனார். மூன்று அறை தாண்டி, ஒரு பழைய எடைமேடைக்கு அடியில் போய் நின்றது தடம். மேற்பார்வையாளருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதிலிருந்து இவரைத் துடைப்பம் தொடவிடவில்லை. பிறகு பூச்சி மருந்து அடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியில்தான் தன் வாழ்நாளின் ஒரே பெரிய தப்பையும் செய்தார்.

ஒரு குழந்தைகள் காப்பகம். விளையாட்டு அறையில் ஒரே ஒரு தடம், அதுவும் நூல் மாதிரி. உடம்பு மஞ்சள், பின்பக்கம் மட்டும் லேசாகக் கறுப்பு, உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படும் அளவு. கம்பெனி கொடுத்த மருந்தை விசையோடு அடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்தாம் நாள் போனால் ஏழு அறையிலும் தடம். அந்த மஞ்சள் எறும்புக்கு ஒரே ராணி கிடையாது, பல ராணிகள். மருந்து பட்டால் பயந்து, ஆளுக்கு ஒரு ராணியைத் தூக்கிக்கொண்டு பிரிந்து போய்விடும். ஒரு குடும்பம் ஏழு குடும்பமாகிவிடும். இது அப்போது இவருக்குத் தெரியாது. ஒரு பிஞ்சுக் குழந்தையின் கண்ணிமை வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்றைக்கே கம்பெனியை விட்டு நின்றார். இன்றுவரை அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "ஒண்ணை ஏழாக்கிட்டு வந்தேன். நான்தான்."

போன மாதம் அதே மஞ்சள் எறும்பு இவரைத் திரும்பக் கூப்பிட்டது.

மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடு மாடி. கணவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். மனைவி கணக்கு டீச்சர், பிரசவ விடுப்பில் இருந்தாள். குறைமாதத்தில் பிறந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீடு வந்த பையன். வந்த எட்டாம் நாள் காலையில், அவன் கழுத்து மடிப்பில் வழிந்திருந்த பாலைத் தேடி ஒரு வரிசை எறும்பு தொட்டிலில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து டீச்சர் பிள்ளையைக் கீழே விடவில்லை. தொட்டிலில் போடமாட்டாள், கட்டிலில் போடமாட்டாள். கூடத்தின் நட்டநடுவில் ஒரு நாற்காலி போட்டு, எந்தச் சுவரும் பக்கத்தில் இல்லாதபடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போகும்போது கணவன் கைக்கு மாறும். அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, தோளில் வலி பிடித்துக்கொண்டிருந்தது.

எறும்பக்கா டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்த மாதிரிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத எறும்பின் நிழல் நீளமாக விழும். மூன்று நிழல்கள் ஊர்ந்தன. உற்றுப் பார்த்தவருக்கு அந்த மஞ்சள் உடம்பும் கறுத்த பின்பக்கமும் தெரிந்தன. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"தம்பி, எத்தனை தடவை ஸ்ப்ரே அடிச்சீங்க?"

"மூணு தடவைக்கா. முதல்ல சமையல்கட்டுல மட்டுந்தான் இருந்துச்சு. அடிச்சதும் ஹாலுக்கு வந்துச்சு. அங்க அடிச்சேன், பெட்ரூமுக்குப் போயிடுச்சு. நாலு டப்பா வாங்கி வெச்சிருக்கேன்."

"நாலையும் கொண்டாங்க."

கொண்டுவந்தான். எறும்பக்கா நான்கையும் வாங்கித் தன் பையில் போட்டு நாடாவால் கட்டினார். "இது இனிமே என்கிட்ட இருக்கட்டும். பதினஞ்சு நாளைக்கு இந்த வீட்ல யாரும் எதையும் அடிக்கக் கூடாது. அவங்க போற தடத்தைத் துடைக்கவும் கூடாது."

டீச்சர் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பதினஞ்சு நாள் எறும்போட எம்புள்ளைய விட்டுட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

"எறும்போட இல்லம்மா. அவங்க ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்." தொட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டார். நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணம், அதில் சோப்புத் தண்ணீர். தொங்கிக்கொண்டிருந்த துணி விளிம்புகளை மேலே சுருட்டிக் கட்டினார். பால் பட்ட துணியை உடனுக்குடன் தண்ணீரில் போடச் சொன்னார். "இப்ப இது தீவு. நீந்தி வரமுடியாது."

"மேலே இருந்து விழுந்தா?"

எறும்பக்கா அண்ணாந்து பார்த்தார். தொட்டிலுக்கு மேலே மின்விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை, வெறும் கூரை. "விழாதும்மா" என்றார். டீச்சர் நம்பவில்லை. அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் பெற்ற மனசு சரியென்று கையெழுத்துப் போடவேண்டுமே. நாற்காலியை விட்டு எழவில்லை.

அட்டையில் மஞ்சள் கருவைத்தான் மொய்த்தார்கள். எறும்பக்கா கரைத்துக் கொண்டுவந்திருந்த போரிக் பவுடரை அதில் கலந்தார். எவ்வளவு கலந்தார் என்று கேட்டால் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுவார், நடுவில் ஒன்றுமே தெரியாது. "அளவு கூடினா வழியிலயே சுருண்டுடுவாங்க. அது வேலைக்காகாது. வீட்டுக்குப் போய்ச் சேரணும், குஞ்சுகளுக்கு ஊட்டணும், ராணிங்க எல்லாருக்கும் ஒரு வாய் குடுக்கணும். பொறுமையா சாகற மருந்துதான் மருந்து." பிள்ளை கை எட்டாத உயரத்தில், ஆறு இடத்தில் அட்டை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் காலை டீச்சரிடமிருந்து போன். அழாத குறை. "அக்கா, நூறு இருந்தது ஆயிரமாயிடுச்சு. அட்டையே தெரியல. சுவர் முழுக்க ஊருது. அவர் கையெல்லாம் துறுதுறுங்குது, கடைக்குப் போய் டப்பா வாங்கிட்டு வரேங்கறார்."

எறும்பக்கா அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, நல்லா சாப்பிடறாங்களே!" என்றார், பந்தியில் பரிமாறுகிறவரைப் போல. கணவன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "தம்பி, கூட்டம் கூடினாத்தான் தீரும். இன்னைக்கு நீங்க பார்க்கறதுதான் அதிகம். நாளைக்கு இதே அளவு, அதுக்கப்புறம் இறங்குமுகம். கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க." அவன் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

சொன்னபடி நடந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஆறு அட்டைகளும் வெறிச்சோடிக் கிடந்தன. மஞ்சள் கரு அப்படியே காய்ந்திருந்தது. குளியலறைக் கதவோரத்தில் புதிதாக ஒரு தடம், படுக்கையறை ஜன்னலில் இன்னொன்று. இறங்குமுகம் இல்லை. பிரிந்திருக்கிறார்கள்.

எறும்பக்காவுக்கு ஒரு கணம் காப்பகத்தின் ஏழு அறைகளும் கண்முன் வந்து நின்றன. "தம்பி, நிஜத்தைச் சொல்லுங்க. மறுபடி அடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லக்கா. வாசல் தாண்டல." டீச்சரும் ஆமாம் என்றாள். அந்தத் தூக்கமில்லாத கண்ணில் பொய் இல்லை.

அப்படியென்றால் வேறெங்கோ அடிக்கிறார்கள். எறும்பக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைத் தடத்தைப் பின்தொடர்ந்தார். கை கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தில், விரல் நுழையும் இடைவெளி இருந்தது. மேலே வருகிறவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் வந்தார்கள். மூக்கை வைத்து முகர்ந்தார். கீழேயிருந்து லேசாக ஸ்ப்ரே வாடை.

கீழ்வீட்டில் தனியாகக் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். கட்டடம் முழுக்க அவருக்குக் கீழ்வீட்டு சார் என்று பெயர். சுத்தத்துக்குப் பேர்போனவர். மிதியடியில் ஒரு தூசு இருக்காது. புத்தகங்கள் உயரவாரியாக நிற்கும். கதவைத் திறந்தவர் துணிப்பையைப் பார்த்துவிட்டு, "தைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"நான் எறும்பு விஷயமா வந்தேன் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. "என் வீட்லயா? முப்பது வருஷத்துல ஒண்ணு பார்த்ததில்ல. குப்பையா வெச்சிருக்கிற வீட்டுல போய்த் தேடுங்க."

எறும்பக்கா வாதாடவில்லை. வீண் வாதம் அவருக்குப் பிடிக்காது. "படியேறி இறங்கி கால் வலிக்குது. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போறேன் சார்" என்றார். தண்ணீர் கேட்டவரை வாசலில் நிறுத்த மனசு வரவில்லை அவருக்கு. உள்ளே போய் எடுத்துவரும் நேரத்தில் எறும்பக்கா ஒரு அட்டையை ரேடியோ பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்விட்ச் பலகைக்கு நேர் கீழே வைத்துவிட்டார். பிறகு தண்ணீரை ஒரு வாய், ஒரு வாயாகக் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். மருந்துக்கடைக் காலத்தில் டாக்டர்களின் கையெழுத்தை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார். அவருக்கும் பேசப் பிடித்தது. யாரும் அதிகம் கேட்காத கேள்வி போலிருக்கிறது.

பாதிப் பேச்சில் அவர் பார்வை அட்டையில் விழுந்தது. ஸ்விட்ச் பலகையின் திருகாணி ஓட்டையிலிருந்து மஞ்சள் நூல் ஒன்று இறங்கி அட்டைவரை வந்திருந்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றார் மிக மெதுவாக. "தினமும் காலையில எழுந்ததும் அடிச்சிடுவேன். சாயங்காலம் ஒரு தடவை. யாராவது வந்து பார்த்துட்டா என்ன நினைப்பாங்க?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார். ஆனா நீங்க அடிக்கிறதை நிறுத்தணும்."

"ஏன்?"

எறும்பக்கா விஷயத்தைச் சொன்னார். ராணிகளைச் சொன்னார். மேலே ஒரு தாய் பதினெட்டு நாளாகப் பிள்ளையைக் கீழே விடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். கீழ்வீட்டு சார் அவர் குடித்து வைத்த வெற்றுத் தம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... நான் அடிச்சதாலதான் அங்க போச்சா?"

சமாதானமாக ஏதாவது சொல்லி நழுவியிருக்கலாம். இந்த இடத்தில் பொய் சொல்லமாட்டார் எறும்பக்கா. "ஆமா சார். பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே தப்பைப் பண்ணேன். ஒரு வீட்ல இல்ல, குழந்தைங்க காப்பகத்துல."

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். உயரவாரியாக அடுக்கியிருந்த ஒன்பது டப்பாக்களையும் எடுத்துவந்து எறும்பக்காவின் காலடியில் வரிசையாக வைத்தார். தையல் பை அன்று தாங்கவில்லை. ஒரு பக்கத் தோள் இறங்கித்தான் எறும்பக்கா படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. அரைமணிக்கு ஒரு தரம் மேஜை துடைக்கிற மனிதர், தன் சொந்தச் சுவரில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். துடைக்கிற நேரத்துக்கெல்லாம் துடைப்பதற்குப் பதில் போன் செய்தார். "நூத்துச் சொச்சம் இருக்கும்மா. எல்லாம் அந்த மஞ்சளத்தான் திங்குது." மறுநாள், "கூட்டம் குறைஞ்ச மாதிரி இருக்கு, எதுக்கும் பயப்படாதீங்க" என்று எறும்பக்காவுக்கே தைரியம் சொன்னார். ஒரு நாள் குரலில் பெருமை பொங்கியது. "இன்னைக்கு மொத்தமே பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் நடையே சரியில்ல." அவரும் "பேர்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். எறும்பக்கா அன்று மாலை கணவரிடம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். பிஸ்கட்டோடு பால்கனியில் நின்றிருந்த மனிதருக்கு யார் ஜெயித்தார்கள் என்பது கேட்காமலே தெரிந்துவிட்டது.

மேல்வீட்டிலும் புது அட்டை வைத்தார். "யார் வீட்ல இருந்துக்கா வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டாள். "குழாய் வழியா வந்துச்சும்மா" என்று மட்டும் பதில். கேள்விக்கு அது பதில் இல்லைதான். ஆனால் அதற்கு மேல் யார் கேட்டாலும் எறும்பக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சின்னப் பையனுக்குப் பூப்போட்ட குல்லா ஒன்றை ஒரு நாள் காலையில் யாரோ கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று இன்னும் டீச்சருக்குத் தெரியாது.

இருபத்து நாலாம் நாள் கடைசிச் சோதனை. மேலேயும் கீழேயும் பதினான்கு அட்டைகள். சர்க்கரை, எண்ணெய், மஞ்சள் கரு எல்லாம் புதிதாக வைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒருத்தர்கூட வரவில்லை. பன்னிரண்டு நாளாகவே யாரும் வரவில்லை என்பது கணவனின் கணக்கு. குழாய் இடைவெளியைப் பசையால் அடைத்தார். ஸ்விட்ச் பலகையின் ஓரங்களை அடைத்தார். சுவரிலிருந்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தார். சோப்புத் தண்ணீர் வாளியைக் கணவனிடம் நீட்டி, "இப்ப துடைங்க தம்பி, ஆசை தீரத் துடைங்க" என்றார். அவன் துடைத்த வேகத்தில் தரை பளபளத்தது.

டீச்சர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் பையன் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். இறங்கவேண்டும் என்று முறுக்கினான்.

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சுது. கீழ விடுங்க" என்றார் எறும்பக்கா.

"இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு விடறேன்கா."

"ரெண்டு நாள்ல என்ன புதுசா தெரியப் போகுது?"

டீச்சர் உதட்டைக் கடித்தாள். கண் நிரம்பிவிட்டது. "நீங்க சொல்றதை நம்பறேன்கா. நிஜமாவே நம்பறேன். ஆனா கை விடமாட்டேங்குது. குனிஞ்சா அன்னைக்கு அவன் கழுத்துல பார்த்ததுதான் ஞாபகம் வருது."

கணவன் வாளியோடு அப்படியே நின்றான். எறும்பக்கா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிப் பையில் போட்டார். குளியலறைக்குள் போனார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். நகக்கண்களைத் தேய்த்தார். திரும்பச் சோப்புப் போட்டார், மூன்று முறை. விஷப்பொடி புழங்குகிற கை என்பதால், இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் ஒரு பச்சைக்குழந்தையை அவர் தொட்டதில்லை. கேட்டு வந்தவர்களிடம்கூட, "வேணாம்மா, பார்த்தாலே போதும்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியின் முன் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அவசரமாக விரிப்பை எடுக்கப் போன கணவனைத் தலையசைத்து நிறுத்திவிட்டு, எறும்பக்கா மண்டியிட்டு, பையனைச் சுவரோரமாக வெறும் தரையில் படுக்க வைத்தார்.